நாக்கு ஏற்றதை நுரையீரல் ஏற்குமா?

ஜூலை பிறந்தால் ஊவாவுக்குக் கச்சான் காற்று வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமிருந்த மழையையெல்லாம் அட்டன், நுவரெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை இடைவெளிகளால் இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு போயிருக்கும். பண்டாரவளையில் உதடு வெடிக்கும். பசறை, நமுனுகுல, மடுல்சீமை மலைகளில் கொழுந்து சிறுத்து மெல்ல வளரும். நிறை குறைகிறதே என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கவலைப்படும் அந்த வாரங்களில்தான், செப்டம்பர் முடியும்வரை, ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் மதிப்புக் கூடும்.

அந்தப் பருவத்துத் தேநீரில் ஒரு மிடறு குடித்தாலே வித்தியாசம் தெரியும். அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று மெத்தில் சாலிசிலேட் என்ற மூலக்கூறு. மூட்டுவலித் தைலத்தின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற குளிர்ந்த வாசனை இதனுடையதுதான். தாவரங்களுக்கு இது அபாய அறிவிப்பு. வறட்சியோ குளிரோ பூச்சிக்கடியோ நெருக்கும்போது பல செடிகள் இதை உண்டாக்குகின்றன. தேயிலைச் செடி இதைச் சீனி மூலக்கூறுகளோடு பிணைத்து, வாசனை வெளிவராதபடி இலைக்குள்ளேயே பூட்டி வைக்கிறது. வாடிய கொழுந்து றோலரில் நசுங்கிக் கலங்கள் உடையும்போது, அதுவரை ஒதுங்கியிருந்த நொதியம் ஒன்று வந்து அந்தப் பிணைப்பை அறுக்கிறது. வாசனை விடுபடுகிறது. வாசனை மிகுந்த இலங்கைத் தேயிலையையும் வாசனை குறைந்த தேயிலையையும் கருவிகளால் கூறுகூறாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வொன்றைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆர். எல். விக்ரமசிங்கவும் ஜப்பானிய விஞ்ஞானி தெய் யமனிஷியும் மற்றவர்களோடு சேர்ந்து 1973இல் வெளியிட்டார்கள். மலைநாட்டுக் கொழுந்தின் மணத்தை இரசாயனப் பெயர்களால் சொல்ல முடிந்தது இத்தகைய உழைப்பால்தான்.

இந்த மூலக்கூறை இன்னொரு வழியாகவும் சந்திக்கலாம். ஆய்வுக்கூடத்தில் செய்து, சிறு குப்பியில் அடைத்து, ‘வின்டர்கிரீன் புளேவர்’ என்று விற்கிறார்கள். இனிப்புக்கும் சூயிங்கத்துக்கும் பற்பசைக்கும் போவது அதுதான். வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கு வீட்டிலேயே ‘ஜூஸ்’ கலக்கிறவர்கள் கைக்குப் போவதும் அதுதான். வனிலா, மாம்பழம், கறுவா, கரமல், ஐஸ்மின்ட் என்று நூற்றுக்கணக்கான குப்பிகள் இருக்கின்றன. கலக்கும் முறையைக் காட்டும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. கைபேசி எட்டிய இடத்துக்கெல்லாம், ஆகவே நம் லயங்களுக்கும், அவை எட்டிவிட்டன. கொழும்பில் வேலைக்குப் போய்த் தீபாவளிக்கு ஊர் திரும்பும் தம்பிமாரில் ஒருவர் இதை முயன்று பார்க்க நினைத்தால் தடுப்பது எளிதில்லை. ஆகவே அந்தக் குப்பிக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதை ஒளிக்காமல் பேசிவிடுவது நல்லது.

ஜூஸில் இருப்பவை நான்கே பொருள்கள். புரோப்பிலீன் கிளைகோல், தாவரக் கிளிசரின், நிக்கொட்டின், புளேவர். முதல் இரண்டும் நிறமற்ற, சற்றே இனிப்பான திரவங்கள். மருந்துப் பாணிகளிலும் கேக்கிலும் பூச்சுக் கிறீம்களிலும் இருப்பவை. கிளிசரின் கெட்டியானது, அடர்ந்த ‘புகை’ தருவது. கிளைகோல் நீர்த்தது, வாசனையைச் சுமப்பது. பஞ்சுத் திரியில் ஊறிய இந்தக் கலவையை ஒரு சுருள் கம்பி சூடாக்குகிறது. கிளைகோல் கொதிப்பது 188 பாகை செல்சியஸில், கிளிசரின் 290 பாகையில். கம்பி அந்த வெப்பநிலைகளுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. திரி காய்ந்துவிட்டால் அதற்கும் மேலே போகிறது. அப்போது கிளிசரின் நீரை இழந்து அக்ரோலீன் ஆகிறது. சமையலறையில் எண்ணெய் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் பொருள் அதுவே. கூடவே போமல்டிஹைட்டும் உண்டாகிறது.

‘வெறும் நீராவிதானே’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. வாயிலிருந்து வெளிவரும் வெள்ளைத் திரை, அப்புத்தளையில் பிற்பகலில் ஏறிவரும் மூடுபனி எப்படியோ அப்படி: காற்றில் தொங்கும் கோடானுகோடி நுண்துளிகள். மூடுபனியின் துளி தண்ணீர். இதன் துளி கிளைகோலும் கிளிசரினும் அவற்றில் கரைந்த மற்ற எல்லாமும். துளிகள் மிகச் சிறியவை என்பதால் மூக்கு, தொண்டை என்ற வடிகட்டிகளைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்விடுகின்றன.

கட்டுரையின் உயிர்நாடியான கேள்வி இங்கேதான் எழுகிறது. புளேவர் குப்பியின் மேல் ‘உணவுத் தரம்’ என்று எழுதியிருக்கும். பொய்யில்லை. ஆனால் அந்தச் சான்று வயிற்றுக்குக் கொடுக்கப்பட்டது. விழுங்கியது எதுவும் முதலில் இரைப்பையின் அமிலத்தைச் சந்திக்க வேண்டும், பிறகு குடல் சுவரை, பிறகு கல்லீரலை. உடலுக்கு ஒவ்வாததை உடைத்து மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் அன்றாட வேலை. மூச்சோடு உள்ளே போகும் பொருளுக்கு இந்தக் காவல் ஒன்றுமில்லை. நுரையீரலில் கோடிக்கணக்கான சிற்றறைகள். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஒட்சிசன் கடந்து போவதற்காகவே இயற்கை அதை அப்படி மெலிதாக்கி வைத்திருக்கிறது. நிக்கொட்டின் அந்த வழியாகச் சில நொடிகளில் மூளையைத் தொட்டுவிடும். மற்றவையும் அதே வழியில்தான் போகும்.

புளேவர் செய்கிறவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் உணவு வாசனைப் பொருள்களின் பாதுகாப்பை மதிப்பிடும் உற்பத்தியாளர் சங்கம், தங்கள் ‘பாதுகாப்பானது’ என்ற மதிப்பீடு உண்பதற்கு மட்டுமே பொருந்தும், மின்சிகரெட்டில் இழுப்பதற்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. இந்த ஒரு வரியைக் கலக்கும் முறை சொல்லும் காணொளிகளில் தேடிப் பாருங்கள்.

வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை உலகம் முதலில் உணர்ந்தது மின்சிகரெட் வழியாக இல்லை, சோளப்பொரி வழியாக. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற சிற்றூரில் நுண்ணலை அடுப்புக்கான சோளப்பொரி தயாரிக்கும் ஆலை இருந்தது. அங்கே முன்பு வேலை செய்த 8 பேருக்கு, திரும்பச் சீராகாத மூச்சடைப்பு நோய் இருப்பது 2000ஆம் ஆண்டில் சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. நுண்ணிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய் அது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டையசெட்டைல் என்ற பொருளின் ஆவியைத் தொழிலாளர்கள் நாள் முழுவதும் சுவாசித்திருந்தார்கள். இயற்கையாக வெண்ணெயிலேயே இருக்கும் பொருள் அது. அந்தச் சோளப்பொரியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் ஆவியை இழுத்தவர்களுக்கு ஆயிற்று. 2015இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கடைகளில் வாங்கிய 51 வகை வாசனை மின்சிகரெட்டுகளைச் சோதித்தபோது 39இல் டையசெட்டைல் இருந்தது. கரமல், கஸ்டர்ட், மில்க் டொஃபி என்று பாலும் வெண்ணெயும் மணக்க வேண்டிய கலவைகளுக்கு அது வசதியான பொருள். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: சாதாரண சிகரெட் புகையிலும் டையசெட்டைல் இருக்கிறது, வேப் இழுத்த ஒருவருக்கு ஜாஸ்பர் தொழிலாளர்களின் நோய் வந்ததென்று உறுதியாக நிறுவப்பட்டதுமில்லை. அதற்காக ஒரு பாலேட்டு மணத்துக்காக அந்த வாய்ப்பைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டுமா?

கறுவாவை எடுத்துக்கொள்வோம். உலகம் இலங்கையின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வாசனை. பட்டையின் காரமான இனிப்புக்குக் காரணம் சினமால்டிஹைட். நம் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் சிக்கிய சளியை மேல்நோக்கித் தள்ளுவது அவற்றின் வேலை. சினமால்டிஹைட் கலந்த ஜூஸும் அதன் துளிப்படலமும் பட்டால் அந்த அசைவு தளர்ந்துவிடுகிறது என்று வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதக் கலங்களில் 2019இல் காட்டினார்கள். தேயிலைத் தூசியோடும் விறகடுப்புப் புகையோடும் வாழும் மனிதர்களுக்கு அந்த மயிரிழைகளின் அருமை பெரிது. சோற்றில் போட்ட பட்டையைப் பற்றிய எச்சரிக்கையாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது போகும் வழி வேறு.

கலந்த ஜூஸை உடனே இழுக்காமல், இருட்டான இடத்தில் நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் ‘ஊறவிட’ வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாசனை முதிர்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அந்த அவதானிப்பில் உண்மை உண்டு. குப்பிக்குள் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. என்ன நடக்கிறது என்பதை 2018இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். வனிலாவின் வனிலின், கறுவாவின் சினமால்டிஹைட் போன்ற அல்டிஹைட்டுகள் கிளைகோலோடு அறை வெப்பநிலையிலேயே வினைபுரிந்து அசிட்டால்கள் எனப்படும் புதிய சேர்மங்களாக மாறுகின்றன. இந்தப் புதியவை நம் நரம்புகளின் எரிச்சல் உணரிகளைத் தூண்டுகின்றன. ஊறவிட்ட குப்பியில் இருப்பது விற்றவர் அடைத்ததுமில்லை, கலந்தவர் ஊற்றியதுமில்லை. எந்த லேபிளிலும் பெயரில்லாத மூன்றாவது ஒன்று.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகமாகக் கவலை தருவது எண்ணெய். ஊவாவில் வாசனை எண்ணெய்க்குக் குறைவில்லை. யூக்கலிப்டஸ் தோப்புகள் இருக்கின்றன, தைலம் இல்லாத லயக் காம்பறா இல்லை. வின்டர்கிரீன் வாசனை தரும் குடும்பத்துச் செடிகூட ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் காடாக வளர்கிறது. புளேவர் குப்பி விலை கூடியது, கிடைப்பதும் கடினம் என்னும்போது, ஒரு புதியவரின் கை இயல்பாகவே அலமாரியில் இருக்கும் தைலத்தை நோக்கிப் போகலாம். அங்கே கையை நிறுத்த வேண்டும். நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொண்டு மூடிப்போகாமல் காப்பது, அவற்றின் உட்சுவரைப் பூசியிருக்கும் மெல்லிய மேற்பரப்புப் படலம். வெளியிலிருந்து வரும் எண்ணெய் அந்தப் படலத்தில் குழப்பம் செய்கிறது. அதை அள்ளி அகற்ற வரும் பாதுகாப்புக் கலங்கள் கொழுப்பை விழுங்கி வீங்குகின்றன. கொழுப்பு நிமோனியா என்று வைத்தியர்கள் இதை அழைக்கிறார்கள்.

2019இல் அமெரிக்காவில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். இளம்வயதினர், பெரும்பாலும் முன்பு நோயற்றவர்கள், மூச்சுத்திணறி வைத்தியசாலைகளில் விழுந்தார்கள். 2020 பெப்ரவரிவரை பதிவானவர்கள் 2,807 பேர், இறந்தவர்கள் 68 பேர். பலர் கஞ்சாச் சத்துக் கலந்த, கைமாறிக் கைமாறி வந்த குப்பிகளைப் பாவித்தவர்கள். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தை ஆராய்ந்தபோது, 51 பேரில் 48 பேரிடம் விற்றமின் ஈ அசிற்றேற் கிடைத்தது. முகக் கிறீமில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் அது. சத்துக் குளிகையில் இருக்கும் பொருள். தோலும் வயிறும் அதை ஏற்கின்றன. விலை உயர்ந்த சத்தை நீர்க்கச் செய்தும் கெட்டியாகக் காட்டுவதற்காக யாரோ ஊற்றியிருந்தார்கள். ஊற்றியவர்களுக்கும் அது ‘நல்ல பொருள்’தான்.

மெத்தில் சாலிசிலேட்டுக்குத் திரும்புகிறேன். ஒரு கிலோ தேயிலைத் தூளில் அது மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். ஒரு கோப்பைத் தேநீருக்கு வருவது அதிலும் மிகச் சிறிய பங்கே. அவ்வளவு நுண்ணிய அளவையும் மூக்கு பிடித்துவிடுகிறது. குப்பியில் வரும் தூய வின்டர்கிரீன் எண்ணெயோ வேறு கதை. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லீ., ஏறத்தாழ 7 கிராம் சாலிசிலேட் கொண்டது. 325 மி.கி. அஸ்பிரின் மாத்திரை 21ஐ ஒரே தடவையில் விழுங்கியதற்குச் சமம். சின்னக் குழந்தைக்கு அது உயிரைப் பறிக்கும் அளவு. மணக்கிறது என்பதற்காக எவ்வளவும் சேர்க்கலாம் என்று எண்ணுகிறவர் இந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பார்க்கட்டும்.

இனி நிக்கொட்டின். இந்த இடத்தில் நம் ஆத்தாமாரின் வெற்றிலைப் பை பேசுகிறது. மலையில் காலைமுதல் நின்று கொழுந்தெடுப்பவர்கள் பசியையும் குளிரையும் அலுப்பையும் தள்ளிவைக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மென்றார்கள், மெல்கிறார்கள். சுண்ணாம்பு ஏன் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் ‘பிடிக்காது’ என்று தெரியும். இரசாயனம் இதுதான்: நிக்கொட்டின் மூலக்கூறு காரத்தன்மையான சூழலில் மின்னேற்றம் இல்லாமல் இருக்கும். அந்த வடிவில்தான் அது வாயின் மென்சவ்வை எளிதில் ஊடுருவும். சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்கி அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது.

வேப் செய்பவர்களுக்கு நேர்மாறான சிக்கல். காரமான நிக்கொட்டின் தொண்டையைக் கடுமையாக உரசும். கூடுதலாக இழுத்தால் இருமல் வந்து தானே நிறுத்திவிடும். அந்த இருமல் உடலின் தற்காப்பு. 2015இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த ஜூல் என்ற கருவி, பென்சோயிக் அமிலம் சேர்த்து நிக்கொட்டினை உப்பாக்கியது. உரசல் அடங்கியது. 5 வீத நிக்கொட்டினையும் பதினைந்து வயதுப் பிள்ளை இருமாமல் இழுக்க முடிந்தது. அதற்குமேல் இனிப்பு வாசனையும் சேர்ந்தால் இருமலோடு கசப்பும் போய்விடுகிறது. உடலிடம் மிச்சமிருந்த இரண்டு காவலாளிகளையும் அனுப்பிவிட்ட பிறகு அளவை யார் சொல்வது?

வெற்றிலைப் பையின் விலையை நாம் கொடுத்து முடிக்கவில்லை. பாக்கே மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் முன்னணியில் இருக்கிறது. தோட்ட மக்களிடையே வாய்ப்புண்களும் வெள்ளைப் படைகளும் இறுகும் கன்னங்களும் பல் வைத்தியர்களுக்குப் பழகிப்போன காட்சிகள். ஒரு தலைமுறை புகையிலையை மென்று இழந்ததை அடுத்த தலைமுறை அதே செடியின் நஞ்சை மாம்பழ மணத்தில் இழுத்து இழக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கலக்கும் மேசைக்கு வருவோம். புதியவர் செய்யும் ஆபத்தான தவறு பெரும்பாலும் தசமப் புள்ளியில் நடக்கும். 30 மி.லீ. ஜூஸ், மி.லீ. ஒன்றுக்கு 3 மி.கி. நிக்கொட்டின் வேண்டும் என்றால் மொத்தம் 90 மி.கி. மி.லீ. ஒன்றுக்கு 100 மி.கி. உள்ள செறிவுத் திரவத்தில் அது 0.9 மி.லீ. புள்ளியைக் கவனிக்காமல் 9 மி.லீ. ஊற்றினால் வருவது 30 மி.கி. வலிமை. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் கடைகளில் அனுமதிக்கும் உச்ச வலிமையே 20 மி.கி.தான், அதுவும் 10 மி.லீ. குப்பிக்கு மேல் விற்கக் கூடாது. கிளிசரின் கெட்டியாக ஊசிக்குழலில் ஒட்டிக்கொள்வதால் கண்ணால் பார்க்கும் அளவும் பிழைக்கும். பழகியவர்கள் நிறுத்துக் கலப்பது அதனால்தான். கிளிசரின் ஒரு மி.லீ. 1.26 கிராம், கிளைகோல் 1.04 கிராம். சரி, நிறுத்தலும் கணக்கும் பிழையில்லை என்றே வைப்போம். லேபிளில் உள்ள 100 உண்மையில் 100தானா? சமையலறையில் அதைச் சரிபார்க்கும் கருவி இல்லை.

நிக்கொட்டின் தோலின் வழியாகவும் உள்ளே போகும். ஈரமான புகையிலை இலையைக் கையால் பறிக்கும் தொழிலாளருக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவது உலகெங்கும் அறியப்பட்ட தொழில்நோய். அங்கே இலை, இங்கே செறிவுத் திரவம். வளர்ந்தவருக்கு 60 மி.கி. உயிரைப் பறிக்கும் என்று பழைய நூல்கள் எழுதின. அந்த எண் 19ஆம் நூற்றாண்டில் சிலர் தங்கள்மீதே செய்துகொண்ட நம்பத்தகாத பரிசோதனைகளிலிருந்து வந்தது, உண்மை அளவு 500 மி.கி.க்கு மேலிருக்கலாம் என்று ஆஸ்திரிய மருந்தியலாளர் பெர்ன்ட் மேயர் 2014இல் வாதிட்டார். எந்தக் கணக்கை ஏற்றாலும், 10 மி.லீ. செறிவுக் குப்பியில் இருப்பது 1,000 மி.கி.

லயக் காம்பறா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதே அறையில் படுக்கை, அதே அறையில் பள்ளிப் புத்தகம், கைக்கெட்டும் உயரத்தில் தட்டு. ஸ்ட்ரோபெரி மணக்கும் திரவத்தை இரண்டு வயதுக் குழந்தை சர்பத் என்றுதான் நினைக்கும். 2014 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெயின் என்ற ஊரில் திரவ நிக்கொட்டினை விழுங்கிய ஒரு வயதுக் குழந்தை இறந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்கா, குழந்தைகள் திறக்க முடியாத மூடியைச் சட்டமாக்கியது. வீட்டில் கலந்து, பழைய சொட்டு மருந்துக் குப்பியில் அடைத்து வைப்பதற்கு அப்படி ஒரு மூடி கிடையாது. வாந்தி, வாயில் நீர் ஊறுதல், வியர்வை, வெளிறிய முகம், வலிப்பு, தளரும் மூச்சு: இவை அடையாளங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். தோலில் பட்டிருந்தால் தண்ணீரால் நன்றாகக் கழுவி, குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு 1990 அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும். என்ன நஞ்சு, என்ன மாற்று என்று வைத்தியர்களுக்கு வழிகாட்ட கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது.

கிளைகோல், கிளிசரின் என்ற அடிப்படைத் திரவங்களுக்கும் ஒரு கறுப்பு வரலாறு உண்டு. இவற்றோடு பார்வையிலும் இனிப்பிலும் ஒத்திருக்கும் மலிவான தொழிற்சாலைத் திரவம் டைஎதிலீன் கிளைகோல், சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்வது. 1972இல் சென்னையில் அது கலந்த மருந்துப் பாணி குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்ததை அடுத்து, இதே நஞ்சு கலந்த இருமல் பாணிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. மின்சிகரெட்டிலும் வந்திருக்கிறது: 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்த 18 குப்பிகளில் ஒன்றில் அது ஏறத்தாழ ஒரு வீதம் இருந்தது. மருந்துக் கம்பனிகளே ஏமாந்த இடத்தில், இணையத்தில் வாங்கிய லீற்றர் போத்தலை முகர்ந்து பார்த்துத் தரம் சொல்ல யாராலும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுக்கிறது. அதன் கீழ் 2016 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளையும், புகைக்காத புகையிலைக் கலவைகளையும், வாசனையோ நிறமோ இனிப்போ சேர்த்த சிகரெட்டுகளையும் உற்பத்தி செய்வது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாவற்றையும் தடைசெய்தன. இந்தியா 2019இல் மின்சிகரெட்டை முழுவதுமாகவே தடைசெய்தது. இலங்கை விதி வாசனையையும் இனிப்பையும் பெயர் சொல்லிக் குறித்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளைகளைப் புகையிலைக்குள் இழுக்கும் தூண்டில் எது என்பதை அதை எழுதியவர்கள் சரியாக அறிந்திருந்தார்கள்.

சிகரெட்டை விடுவதற்காகத்தான் வேப்புக்கு மாறினேன் என்று சொல்பவரை நான் குறைத்துப் பேசமாட்டேன். எரியும் புகையிலையின் புகையில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன, தாரும் காபன் மொனொட்சைட்டும் உட்பட. அவற்றில் பெரும்பகுதி மின்சிகரெட்டில் இல்லை. நிக்கொட்டின் உள்ள மின்சிகரெட் சிலருக்குப் புகைப்பதை நிறுத்த உதவுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் மதிப்பாய்வும் காட்டுகிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் பாவித்தவை தரம் அறிந்த பொருள்கள், புகைத்துப் பழகிய வளர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை. வீட்டில் கலந்த குப்பிக்கும், ஒருபோதும் சிகரெட்டைத் தொடாத பதினேழு வயதுப் பிள்ளைக்கும் அந்த நியாயம் நீளாது.

மணங்களைக் கலந்து பார்க்கும் ஆசை மட்டும் வீணான ஆசை இல்லை. அதில் திறமை இருக்கிறது, பொறுமை இருக்கிறது. பதுளை பசறை வீதியில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. எலுமிச்சையும் இஞ்சியும் கறுவாவும் தேயிலையோடு எந்த அளவில் சேரும், எந்த வெப்பத்தில் மணம் நிற்கும் என்பதெல்லாம் அங்கே ஒழுங்கான விஞ்ஞானம். தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்து பறிக்கும் குடும்பத்திலிருந்து தேயிலையின் மணத்தைத் தீர்மானிக்கும் இடத்துக்குப் போவதை நான் பார்க்க விரும்புகிறேன். சொட்டுக்குழலும் தராசும் அங்கேயும் உண்டு. அங்கே கலந்தது கோப்பையில் விழும்.

கடைசியாக, ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருப்பவருக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஜூலையில் விஸ்கொன்சின் மாநிலத்துச் சிறுவர் வைத்தியசாலை ஒன்றுக்கு இளவயதுப் பிள்ளைகள் 8 பேர் அடுத்தடுத்து வந்தார்கள். இருமல், மூச்சுத்திணறல், வாந்தி, மெலிவு. தொற்று என்றுதான் முதலில் எண்ணினார்கள், ஆனால் கிருமி எதுவும் அகப்படவில்லை. வைத்தியர்கள் அந்தப் பிள்ளைகளோடு பேசி, என்ன இழுத்தாய், எங்கே வாங்கினாய் என்று கேட்டுப் பதில்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் பொதுவான ஒன்று தெரிந்தது. முன்பு சொன்ன, அமெரிக்கா முழுவதும் பரவிய அந்த நோய் வெளிச்சத்துக்கு வரத் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான். இங்கே தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ பதுளை போதனா வைத்தியசாலைக்கோ நாள்பட்ட இருமலோடு போகும் தம்பி, வீட்டாருக்குப் பயந்தோ பொலிஸுக்குப் பயந்தோ வேப் பற்றிச் சொல்லாமல் விட்டால், சளிக்காய்ச்சல் மருந்தோடு திருப்பி அனுப்பப்படுவார். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். என்ன கலந்தீர்கள், எண்ணெயோ தைலமோ சேர்த்தீர்களா, எவ்வளவு நாளாக இழுக்கிறீர்கள் என்பதை வைத்தியருக்குத் தெரியப்படுத்துங்கள். மிச்சமிருக்கும் குப்பியைக் கொட்டிவிடாமல் இறுக்கி மூடி, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.